கொழுந்து கட்டிய குடியிருப்பு

தேயிலையை யாரும் தொடாமல் விட்டுவிட்டால் அது மரமாகும். முப்பது அடிக்கு மேல் வளரும், வெள்ளையாய்ப் பூக்கும், காய்க்கும். இலங்கையில் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை சரிவெல்லாம் இடுப்பளவில் விரிந்து கிடக்கிற அந்தப் பச்சை, மரமாக விடப்படாத மரங்களின் கூட்டம். பராமரிப்பு நின்றுபோன தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சில ஆண்டுகளுக்குள் அங்கே செடி தலைக்கு மேலே போய்விடுகிறது, ஆள் நுழைய வழியில்லை.

மரத்தை அந்த உயரத்திலேயே நிறுத்திவைக்க வேண்டுமானால் யாராவது ஏழு நாளுக்கு ஒருமுறை அதனிடம் வந்தாக வேண்டும். மழையோ பனியோ, ஆண்டு முழுவதும். மலையகத் தமிழர் ஏன் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஊர் அமைக்காமல் தோட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்க நேர்ந்தது என்று கேட்டால், விடையின் பெரும்பகுதி இந்த ஏழு நாளில் இருக்கிறது. மீதியை ஒரு பங்கசு சொல்லும். பங்கசு என்பது பூஞ்சணம், காளான் வகையறா.

முதலில் இந்த மலைகளில் இருந்தது தேயிலை இல்லை, கோப்பி. 1820களில் கம்பளைக்குப் பக்கத்திலும் கண்டியைச் சுற்றியும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். 1840களில் காடு காடாக வெட்டி எரித்து நட்டார்கள். கோப்பிப் பழம் பழுப்பது ஆண்டில் சில மாதங்கள் மட்டும். அந்தச் சில மாதங்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வேண்டும். பிறகு பலருக்கு வேலை இருக்காது. ஆகவே திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பறித்தார்கள், கையில் மிஞ்சியதோடு ஊர் திரும்பினார்கள். தோணியில் பாக்குநீரிணையைக் கடந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நூற்று முப்பது மைலுக்கு மேல் நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அழைத்து வந்தவர் கங்காணி. அவரே ஆள்பிடிப்பவர், முன்பணம் கொடுப்பவர், மேற்பார்வையாளர், பல நேரங்களில் சொந்தக்காரரும்கூட. கடன் அவர் பெயரில் எழுதப்பட்டு ஆட்களின் தலையில் இறங்கியது.

இந்தப் போக்குவரத்து அப்படியே தொடர்ந்திருக்கலாம். 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஜோர்ஜ் த்வெய்ட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு அறிஞர் பெர்க்லி அதை அதுவரை யாரும் அறியாத இனம் என்று கண்டு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி, அதாவது பங்கசின் விதை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வித்தி அவரை விதையின் வளைவில் இருக்கும், ஒரு பாதி வழுவழுப்பு, மறு பாதி முள்முள்ளாய்.

வித்தி எப்படிப் பரவுகிறது என்பதைக் கண்டறிய 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்தார். இரண்டு ஆண்டு தங்கினார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் நிறுத்திவைத்து, காற்றில் வருகிற வித்திகள் அதில் ஒட்டுவதைக் காட்டினார். அவர் கண்ட வாழ்க்கைச் சக்கரம் எளிது, அதனாலேயே கொடியது. காற்று வித்தியை இலைக்குக் கொண்டுவருகிறது. இலைமேல் ஒரு நீர்த்துளி இருந்தால் போதும், வித்தி முளைத்து நூல்போல நீள்கிறது. அந்த நூல் இலையின் அடிப்புறத்தில் இருக்கும் இலைவாயைத் தேடிப் போகிறது. இலைவாய் என்பது இலை மூச்சுவிடும் துளை. கதவு திறந்தே இருக்கிற அந்த வழியாக உள்ளே போய் இலையின் உணவைத் தின்று, சில வாரங்களில் அடிப்புறத்தில் மறுபடி லட்சக்கணக்கான வித்திகளைக் கொட்டுகிறது. இலை உதிர்கிறது. மரம் புது இலை விடுகிறது, அதுவும் உதிர்கிறது. காய்க்கத் தெம்பு மிஞ்சுவதில்லை.

மலைக்கு மலை காட்டை அழித்து ஒரே செடியை நட்டதால் வித்திக்கு எங்கும் தடையே இருக்கவில்லை. வார்ட் இதை அப்போதே எடுத்துச் சொன்னார். அவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டிருந்தது. 1870களின் இறுதியில் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர் அளவுக்குப் போயிருந்த கோப்பி அடுத்த சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்தது.

தேயிலை அதற்குச் சற்று முன்பே வந்து காத்திருந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873இல் லண்டனுக்குப் போன முதல் சரக்கு 23 இறாத்தல், பத்துக் கிலோவுக்குச் சற்று அதிகம். 1875 வாக்கில் இலங்கை முழுவதிலும் தேயிலை ஆயிரம் ஏக்கர் அளவில்தான் இருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் ஏறியதும் அந்த வேகத்துக்குக் காரணம். துரைமார் பயிரை மாற்றினார்கள், லாபம் திரும்பி வந்தது என்று இந்தக் கதையைப் பொதுவாக இங்கேயே முடித்துவிடுவார்கள். ஆட்களுக்கு என்ன ஆனது என்பது செடியின் உடலுக்குள் இருக்கிறது.

தேயிலைக்குப் பழம் தேவையில்லை. வேண்டியது கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஒவ்வொரு கிளையின் நுனி மொட்டும் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனைச் சுரக்கிறது. ஓமோன் என்பது உடலுக்குள் செய்தி கொண்டுபோகும் இரசாயனம். இது கீழ்நோக்கி இறங்கி, இலைக்கக்கங்களில் இருக்கும் பக்க மொட்டுகளை உறங்கச் செய்கிறது. நுனியைக் கிள்ளி எடுத்ததும் அந்தக் கட்டளை நின்றுபோகிறது. உறங்கியவை விழிக்கின்றன. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளைக்கின்றன. பறிக்கப் பறிக்கச் செடி மேலே போக வழியின்றிப் பக்கவாட்டில் அடர்கிறது. பெண்கள் கொழுந்துக்கு மேலே நீளமான மட்டக்கம்பை வைத்துச் சரிபார்க்கிற அந்தச் சமதளத்துக்கு ‘மட்டம்’ என்று பெயர். அது செடியின் இயல்பில் கிடையாது, விரல்கள் வாரந்தோறும் செய்துகொண்டே இருப்பது.

ஒரு பக்க மொட்டு விழித்துப் பறிக்கத் தகுந்த கொழுந்தாவதற்கு உயர்மலைக் குளிரில் இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகலாம். ஒரே செடியில் நேற்று விழித்ததும், ஒரு மாதக் கொழுந்தும், இன்று பறிக்கவேண்டியதும் கலந்தே இருக்கும். இன்று பறிக்கத் தகுந்ததை மட்டும் எடுத்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் அடுத்த வயதுக்காரர்கள் தயாராக இருப்பார்கள். இரண்டு வாரம் தாமதித்தால் இலை முற்றி நாராகிவிடும். கோப்பி ஆண்டுக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டது, தேயிலை ஐம்பது முறைக்கு மேல் கூப்பிடுகிறது.

ஒரு கொழுந்தின் எடை பொதுவாக ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு பெண் நாளில் பதினெட்டுக் கிலோ பறிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டாயிரம் கொழுந்துக்கு மேல். எட்டு மணி நேர வேலையில் இருப்பது 28,800 வினாடி. ஆக, ஒன்றரை வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில், சரிவில் ஏறிக்கொண்டே, முதுகில் கனக்கும் கூடையோடு, எது தகுதி எது பிஞ்சு என்று கண் முடிவெடுக்கிறது, இரண்டு கைகளும் கேட்கின்றன. இதைத் திறன் குறைந்த வேலை என்று அலுவலகப் பத்திரங்கள் வகைப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினெட்டுக் கிலோ பச்சைக் கொழுந்து நாலு கிலோ தேத்தூளாகும். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால், ஒருத்தியின் ஒரு நாள் இரண்டாயிரம் பேருக்குத் தேத்தண்ணீர்.

ஆண்டு முழுவதும் ஏக்கருக்கு ஏறத்தாழ ஓர் ஆள் என்பது தேயிலையின் பழைய கணக்கு. வந்து போகிற ஆட்களைக் கொண்டு இது நடக்காது. விரல் நுணுக்கம் வேண்டியிருப்பதால் பெண்கள் வேண்டும், பெண்கள் தங்க வேண்டுமானால் குடும்பம் வேண்டும். துரைத்தனம் இதை விரைவிலேயே கண்டுகொண்டது. கோப்பிக் காலத்தில் ஆட்களை அடைக்கக் கட்டிய லயங்கள் குடும்பங்களின் வீடாயின. நீளமான ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு சிறு திண்ணை. அதற்குள்தான் அடுப்பு, படுக்கை, பிரசவம், எல்லாம். லயத்தைச் சுற்றி மற்றவை முளைத்தன: கைக்குழந்தைகளை விட்டுச்செல்லப் பிள்ளை மடுவம், நிறுவைக்குக் கொழுந்து மடுவம், மாரியம்மன் கோயில், ஒரு சிறு பள்ளி. விடியலில் தப்பு அடித்ததும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். எந்த மலைக்கு யார் என்று அங்கே பிரிப்பார்கள். தோட்டத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ‘மலை’ என்றுதான் பெயர், எண்ணோடு. ஏழு நாள் சுற்று குலையாமல் மலைகளைப் பங்குபோடுவது கணக்கப்பிள்ளையின் கலை. நிர்ணயித்த எடையைக் கொண்டுவந்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் கூலி. குறைந்தால் அரைப்பேர்.

உலகின் இன்னொரு மூலையில் நிலத்துக்குள்ளேயே குடியிருக்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் சமவெளிகளில் வாழும் ஹட்டரைட் மக்கள். 1528இல் மொறாவியாவில் துரத்தப்பட்ட ஒரு சிறு கிறிஸ்தவக் குழு தரையில் ஒரு மேலங்கியை விரித்து, ஒவ்வொருவரும் தம் உடைமையை அதில் போட்டுப் பொதுவாக்கியது. அவர்களுடைய தலைவர் யாக்கோப் ஹட்டர் 1536இல் இன்ஸ்புருக் நகரில் எரித்துக் கொல்லப்பட்டார். நாடு நாடாக ஓடி 1870களில் அமெரிக்காவை அடைந்தார்கள். இன்றும் நிலம், இயந்திரம், சமையல், சாப்பாடு எல்லாம் பொது. ஒரு கொலனியில் நூற்றைம்பது பேர் ஆனதும் புதிய நிலம் வாங்கி இரண்டாகப் பிரிகிறார்கள். மலையக லயத்திலும் அங்குள்ள மணியோசைக்குப் பதில் தப்போசை, பொதுக் குழாய், பொதுப் பிள்ளை மடுவம், பொது வேலைநேரம். நிலம் மட்டும் பொதுவாக இல்லை. ஆட்கள் பெருகியபோது புதிய நிலம் வாங்கிப் பிரிய வழியிருக்கவில்லை. காம்பராவுக்குள்ளேயே தடுப்புச் சுவர் எழுந்தது.

கொழுந்தை இவ்வளவு அவசரமாகக் கொண்டுபோவது எதற்கு? பறித்த பிறகும் கொழுந்து சாவதில்லை. மூச்சுவிடுகிறது, சூடு உண்டாக்குகிறது. கூடையில் அமுக்கி வைத்தால் நடுவில் வெப்பம் ஏறி இலை சிவந்து கெடும். அதனால்தான் நாளில் இரண்டு மூன்று நிறுவை. லொறி வராத காலத்தில் பல தோட்டங்கள் மலையுச்சியிலிருந்து கம்பி கட்டி, சாக்கு மூட்டைகளைச் சரிவின் ஈர்ப்பிலேயே ஸ்டோருக்கு அனுப்பின. ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்வது தொழிற்சாலையை. நாலைந்து மாடி, நான்கு பக்கமும் சன்னல் வரிசை. அந்த வடிவத்துக்கும் காரணம் இலைதான். மேல்மாடிகளில் கொழுந்தைப் பரப்பிக் காற்றோட்டத்தில் இரவு முழுவதும் வாடவிட வேண்டும். முன்பு சாக்குத் தட்டிகள், இப்போது கீழிருந்து விசிறி காற்று ஊதும் நீண்ட தொட்டிகள். மாலை பத்துக் கிலோவாகப் போன கொழுந்து காலையில் ஐந்து கிலோ அளவுக்கு இளைத்துத் துணிபோல மடங்கும்.

அடுத்து உருட்டல். இங்கேதான் தேயிலை தேயிலையாகிறது. இலைக்கலத்துக்குள் இரண்டு பொருள்கள் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் ஒன்றையொன்று பார்க்காமலே குடியிருக்கின்றன. ஒன்று கட்டெக்கின், கலத்தின் நீர்ப்பையில் கரைந்திருக்கும் துவர்ப்பு. மற்றது ஒரு நொதியம், அதாவது இரசாயன மாற்றத்தைத் துரிதப்படுத்தும் புரதம். உருளை இலையை முறுக்கியதும் நடுச்சுவர் இடிகிறது. இரண்டும் கலந்து காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்ததும் பச்சை செம்பு நிறமாகிறது, பச்சிலை நாற்றம் போய் மணம் எழுகிறது. தொழிற்சாலையில் இதைப் புளிக்கவைத்தல் என்பார்கள். உண்மையில் இதில் நுண்ணுயிர் வேலை எதுவும் இல்லை, இது ஒட்சியேற்றம். நறுக்கிய ஆப்பிள் பழுப்பு நிறமாவதும் இந்த வகை நொதியத்தால்தான்.

எவ்வளவு நேரம் விடுவது? குளிர்ந்த அறையில் இரண்டு மூன்று மணி நேரம் என்று புத்தகம் சொல்லும். தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரோ ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டுச் சொல்வார். சில நிமிடம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் உப்புச் சப்பில்லாத கறுப்புத் தண்ணீர். அந்தக் கணத்தில் உலர்த்தியின் சூட்டுக்குள் தள்ளினால் நொதியம் செயலிழக்கும். இருபது நிமிடத்தில் ஈரம் மூன்று சதவீதத்துக்கு இறங்கும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கங்களில் இரவு குளிர்ந்து பகல் வறண்டிருக்கும். செடி மெல்ல வளரும். கொழுந்து குறையும், மணம் கூடும். கொழும்பு ஏலத்தில் இந்தத் தேயிலைக்கு விலை ஏறுவது இந்த நாட்களில்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் அதே மாற்றம் ஜூலைக்குப் பிறகு கச்சான் காற்று வறண்டு இறங்கும்போது நடக்கிறது. கொழுந்து குறைந்தால் எடை குறையும். விலை கூடுகிற நாட்களில் பறிப்பவளுக்கு முழுப்பேர் கிடைப்பது கடினமாகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பாக இருப்பது கவ்வாத்து. எவ்வளவு கவனமாகப் பறித்தாலும் மட்டம் ஆண்டுதோறும் சற்று உயரும், கிளைகள் முடிச்சு விழுந்து சோரும். மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, வளைந்த கத்தியால் ஆண்கள் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். ஓர் இலைகூட இல்லாத குச்சிக் கூட்டம் பல வாரம் நிற்கும். இலையில்லாமல் உணவு எங்கிருந்து வருகிறது? வேரிலிருந்து. நல்ல நாட்களில் செடி மாப்பொருளை வேரில் சேமித்து வைக்கிறது. ஆகவே உயர்மலையில் வெட்டுவதற்கு முன் ஒரு வேர்த்துண்டை எடுத்து அயடீன் சொட்டு விட்டுப் பார்க்கிறார்கள். கருநீலமானால் சேமிப்பு இருக்கிறது, வெட்டலாம். வெளுத்திருந்தால் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். சேமிப்பு குறைந்த செடிகளில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைப்பதும் உண்டு. கத்தியை எந்தக் கோணத்தில் இழுத்தால் மரப்பட்டை கிழியாது என்பது தகப்பனிடம் மகன் நின்று கற்றது. கவ்வாத்து தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்குப் பூசை, தொழிற்சாலைச் சக்கரங்களுக்கு ரோதைமுனி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இல்லாத இந்தச் சாமிகள் இந்த மலையிலேயே பிறந்தவர்கள்.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ஓர் இலையும் ஒரு மொட்டும் உள்ள சிறு தண்டுத் துண்டிலிருந்து முழுச் செடியை வளர்க்கும் முறையை அது பரப்பியது. ‘வீபீ’ தேயிலை என்பார்களே, அது இதுதான். ஒரு மலை முழுவதும் நிற்கும் பல்லாயிரம் செடிகள் அச்சாக ஒரே தாய்ச்செடியின் துண்டுகளாக இருக்கலாம். விளைச்சல் சீராகும், நோய்க்கும் வழி சீராகும். 1946இல் கொப்புள நோய் என்ற மற்றொரு பங்கசு இலங்கைத் தேயிலைக்கு வந்தபோது கோப்பியின் கதி மறுபடி நேருமோ என்ற அச்சம் பரவியது. செப்பு மருந்து தெளித்து அதைக் கட்டுக்குள் வைத்தார்கள். ஈர மாதங்களில் இன்றும் தெளிக்கிறார்கள்.

செடிக்கு நோய் வந்த இரண்டே ஆண்டில் ஆட்கள் கைவிடப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இவர்கள் வந்து போகிற கூட்டம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. கோப்பிக் காலத்து ஆட்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆண்டுக்கு ஐம்பது முறை கை வைக்கவேண்டிய செடி வந்து போகிறவர்களைக் கொண்டு உயிர்வாழாது. மலை பச்சையாக நின்றதே அவர்கள் போகவில்லை என்பதற்குச் சாட்சி. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று. போனவர்களில் பலருக்குக் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் மலைகளில் தமிழ்நாடு அரசின் ‘டான்டீ’ தோட்டங்களில் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே ஏழு நாள் சுற்று, அதே கவ்வாத்துக் கத்தி.

இலங்கையில் இருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. காணி தீரவில்லை. லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு கட்டிக்கொள்ளக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்ற அளவு வந்தது. பலர் இன்னும் அதற்கும் காத்திருக்கிறார்கள். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. நாலடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால், அதில் நிற்கும் தேயிலைச் செடி ஏறத்தாழ 240.